உன் மாமன்மேல் நான் கொடுத்த புகார்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை மதியம் நீ போனை வைத்ததிலிருந்து நான் கூப்பிட்ட எதையும் நீ எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நான் போடுவதையெல்லாம் பார்க்கிறாய், பதில் மட்டும் வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கணக்கு டீச்சருக்குக் கடிதம் எழுத வராது, மூன்று வரியில் விடையைச் சொல்லிவிட்டுக் கோடு போட்டுவிடுவாள் என்று உன் அப்பா கிண்டல் செய்வார். இப்போது கிண்டல் செய்யக்கூட அவர் என்னோடு பேசுவதில்லை. இந்தக் கடிதம் நீளமாகத்தான் இருக்கும். பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரைக்கும் படி. படித்த பிறகு நித்யாவிடமும் கொடு. வரப்போகிற பெண்ணுக்கு, தான் எந்த வீட்டுக்கு வருகிறோம் என்று தெரிய வேண்டும்.

தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. தாய்மாமன் என்று போட்ட இடத்தில் என் அண்ணன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. உன்னை மணையில் உட்காரவைத்து நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியவன் அவன். அவன்மேல்தான் நான் திண்டிவனம் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அவன் இப்போது உள்ளே இருக்கிறான். வரும் வெள்ளிக்கிழமை அவனுடைய ஜாமீன் மனு விழுப்புரம் கோர்ட்டுக்கு வருகிறது. அதற்குள் நான் "தப்பாகப் புரிந்துகொண்டேன்" என்று சொல்லிவிட வேண்டும் என்று உறவுக்காரர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். நீ அப்படிச் சொல்லவில்லை. "இப்ப எதையும் கிளறாதம்மா. கல்யாணம் முடியட்டும்" என்றாய். இரண்டும் ஒன்றுதான், தம்பி. வெள்ளிக்கிழமை நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அவன் வெளியே வந்துவிடலாம். யாருக்காக நான் புகார் கொடுத்தேனோ, அந்தப் பையன் இருக்கிற தெருவிலேயே நடப்பான். அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியாது. ஏன் முடியாது என்பதற்குத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஐப்பசியில் எங்களுக்கு விழுப்புரத்தில் ஒரு நாள் பயிற்சி போட்டார்கள். குழந்தைகளுக்குப் பாலியல் கொடுமை நடக்காமல் தடுப்பது எப்படி, நடந்துவிட்டால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று. அதையும் சனிக்கிழமையில் போட்டார்களே என்று நானும் லூர்து மேரி டீச்சரும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டிலிருந்தே புலம்பிக்கொண்டு போனோம். முப்பது வருஷ சர்வீஸில் எத்தனை பயிற்சி பார்த்திருக்கிறோம். கையெழுத்துப் போடுவோம், வடையும் காபியும் சாப்பிடுவோம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துக் கண்ணை மூடுவோம். அன்றைக்கும் அப்படித்தான் போய் உட்கார்ந்தோம். பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு வக்கீல் அம்மா. ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, விடாத இருமல். இந்த மாதிரி வழக்குகளில் குழந்தைகளுக்குப் பக்கத்தில் உட்காருவதுதான் அவருக்கு வேலை. வணக்கம் சொன்ன கையோடு, "எல்லாரும் பக்கத்துல இருக்கிறவங்கள பாத்துத் திரும்புங்க. உங்க முதலிரவுல என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றார்.

உன்னிடம் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும். லூர்து மேரி டீச்சர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்தாள். முன் வரிசையில் ஒரு பி.டி. சார் எழுந்துவிட்டார். "மேடம், இது இன்னா அசிங்கம்? லேடீஸ வச்சிக்கினு பேசற பேச்சா இது?" என்றார். அந்த அம்மா கோபப்படவில்லை. "கோவம் வருதா சார்? வரட்டும். ஊரக் கூட்டிப் பந்தல் போட்டு நடந்த விஷயம் அது. அதச் சொல்லவே பெரியவங்க உங்களுக்கு வாய் வரல. ஒரு சின்னப் புள்ள, பேர்கூடத் தெரியாத ஒரு விஷயத்த, கையில பிரம்பு வச்சிக்கிட்டு நிக்கிற உங்ககிட்ட வந்து சொல்லணும்னு எதிர்பாக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு இருமினார். அதற்கப்புறம் மின்விசிறிக்கு யாரும் இடம் தேடவில்லை.

அவர் சொன்னது எல்லாமே சாதாரணமான விஷயங்கள்தான். பிள்ளை சொல்லும்போது குறுக்கே பேசாதே. ஏன் அங்கே போனாய் என்று கேட்காதே. ஆளுக்கு ஆள் கூப்பிட்டு வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லாதே. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதே, காப்பாற்ற முடியாது. ஆணா பெண்ணா என்று சட்டம் பார்ப்பதில்லை, நீயும் பார்க்காதே. சந்தேகம் வந்தாலே போலீஸுக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அதுவே குற்றம். முக்கியமாக, செய்தவன் என்று சொல்லப்படுகிறவனிடம் போய் நீயே விசாரிக்காதே. சாயங்காலம் முடிக்கும்போது ஒரு கேள்வி கேட்டார். "செஞ்சவர் உங்க சொந்தக்காரரா இருந்தாலும் போய்ச் சொல்வேன்றவங்க கை தூக்குங்க." கணக்கு டீச்சர் அல்லவா, விடை தெரிந்தால் கை தானாக உயரும். அந்த ஹாலில் முதலில் உயர்ந்தது என் கைதான். பஸ்ஸில் திரும்பும்போது லூர்து மேரி டீச்சர், "இன்னா ஜல்தி உங்களுக்கு" என்று சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

இனிமேல் எழுதுவதில் அந்தப் பையனின் பெயர் வராது. அவனை அடையாளம் காட்டச் சட்டமும் விடாது, நானும் விட மாட்டேன். இதை யார் எடுத்துப் படித்தாலும் கண்டுபிடிக்க முடியாதபடி வீட்டையும் வகுப்பையும் பற்றிய சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். என் வகுப்பில் கணக்கில் புலி அவன். பலகையில் நான் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லி என் வேலையைக் கெடுப்பான். இந்த வருஷம் கொஞ்ச நாளாக மேசையில் தலையைக் கவிழ்த்துத் தூங்க ஆரம்பித்தான். வெள்ளிக்கிழமை ஆனால் வயிற்று வலி என்பான். சனிக்கிழமை காலையில் உன் மாமா ஊர்ப் பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பான் என்பது உனக்குத் தெரியும். அவனுடைய மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் பின்னாலே பையன்கள் வந்து கூடுகிற அந்த ஷெட்டும் உனக்குத் தெரியும். முட்டை, வாழைப்பழம், பேர் போட்ட பனியன் எல்லாம் அவனே வாங்கிக் கொடுப்பான். ஊரில் பாதிப் பையன்களுக்கு அவன் மாமாதான். நல்ல மனுஷன், பிள்ளைகள்மேல் உயிர் என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமையையும் வயிற்று வலியையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. பயிற்சிக்குப் போய் வந்த பிறகுதான் சேர்த்துப் பார்த்தேன். அப்போதும் அவனை நான் எதுவும் கேட்கவில்லை. வகுப்பில் அவன் பெஞ்சுப் பக்கம் கொஞ்சம் அதிகமாக நடந்தேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் சத்துணவு முட்டையைத் தொடாமல் தட்டோடு என் மேசைக்கு வந்து நின்றான். "எனக்கு அந்த மாமா வேணாம் டீச்சர்" என்றான். எந்த மாமா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவனே சொன்னான். என்ன சொன்னான் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது போலீஸுக்கும் கோர்ட்டுக்கும் தெரியும், எனக்குத் தெரியும், போதும். சொல்லிக்கொண்டே முட்டையைத் தட்டில் உருட்டிக்கொண்டிருந்தான். நான் பயிற்சியில் படித்ததை ஒப்பித்துவிட்டேன். "என்கிட்ட சொன்னது நல்லதுப்பா. உன்மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். "அப்பாகிட்ட சொல்லாதீங்க டீச்சர். அவுரு அங்கதான் வேல செய்றாரு" என்றான். "சொல்லாம இருக்க முடியாதுப்பா. ஆனா யார்கிட்ட சொல்றதா இருந்தாலும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்" என்றேன். சரி என்று தலையாட்டினான். அந்த முட்டையைச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் நான் மகளிர் காவல் நிலையத்துக்குப் போயிருக்க வேண்டும். திண்டிவனம் பஸ்ஸில் ஏறும்போது அந்த எண்ணத்தோடுதான் ஏறினேன். இறங்கி நடந்தது உன் மாமா கடைக்கு. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். வரப்புத் தகராறு ஆனாலும், மாடு மல்லாட்டைக் கொல்லையில் மேய்ந்தாலும், போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மற்றது. கேட்காமல் பஞ்சாயத்துக்கோ போலீஸுக்கோ போனால், "ஒரு வார்த்த கேக்காம போயிட்டாளே" என்று சாகும் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். வரப்புக்கு அது நல்ல வழக்கம்தான். நான் அதை இதற்கும் கொண்டுபோனேன். கூடப் பிறந்தவனாயிற்றே, அவன் பக்கத்தையும் கேட்காமல் எப்படி என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு போனேன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அன்றைக்கு எனக்கு இரண்டுமே ஆடின.

கடையில் அவன் தனியாக உட்கார்ந்து ஒரு மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். "ஒன் ஷெட்டுக்கு வர்ற பையன் ஒருத்தன் ஒண்ணு சொல்றாண்ணா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எந்தப் பையன், என்ன சொன்னான் என்று எதுவும் சொல்லவில்லை. அவன் தலையைத் தூக்காமலே, "அவனா? அவன் பொய் பேசறதுல கெட்டிக்காரனாச்சே" என்று சொல்லி அந்தப் பையனின் பெயரைச் சொன்னான். எத்தனையோ பையன்கள் வந்துபோகிற இடத்தில், நான் சொல்லாத ஒரு பெயர் அவன் வாயிலிருந்து வந்தது. கேட்க வந்ததற்குப் பதில் கிடைத்துவிட்டது. அவனே மேலும் பேசினான். "கல்யாணத்த வச்சிக்கினு இன்னா பேச்சு பேசற நீ? ஊர்ல ஆயிரம் சொல்லுவானுங்கோ. டீ சாப்புடறியா?" என்று எதிர்க் கடைக்குக் குரல் கொடுத்தான். டீ வந்தது. அதை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன்.

மறுநாள் பையன் பள்ளிக்கூடம் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் அப்பனும் ஆத்தாளும் அவனை அழைத்துக்கொண்டு எச்.எம். அறைக்கு வந்து என்னையும் கூப்பிடச் சொன்னார்கள். பையனின் கன்னத்தில் விரல் பதிந்த தடம். நான் கடைக்குப் போய் வந்த பிறகு உன் மாமா பழப் பையோடு அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறான். "டீச்சர், பையன் தெரியாம ஏதோ ஒளறிட்டான். மொதலாளி சாமி மாதிரி. அவுரப் போயி..." என்று அப்பன் கும்பிட்டான். ஆத்தாள் பையனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்கள் சொல்லித்தான் விஷயம் தெரிந்து, இருக்காது இருக்காது என்று பதறிக்கொண்டிருந்த எச்.எம்.முக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "அதான் அவுங்களே இல்லன்றாங்களே டீச்சர். வுட்டுடுங்க, பேஜாரு புடிச்ச விஷயம். பொண்ணா இருந்தா வேற கத. ஆம்பளப் புள்ளைக்கு இன்னா ஆயிடப் போவுது" என்றார். பிறகு எல்லோருக்கும் எதிரில் பையனைப் பார்த்து, "நீயே சொல்லு, நெசமா பொய்யா?" என்றார். எதைச் செய்யக்கூடாது என்று விழுப்புரத்தில் ஒரு நாள் முழுக்கச் சொன்னார்களோ, அது அத்தனையும் அந்த அறையில் நடந்தது. ஆரம்பித்து வைத்தவள் நான்.

"சும்மா சொன்னேன் டீச்சர்" என்றான் அவன். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையில் பயமில்லை, அழுகையும் இல்லை. இந்த டீச்சரும் இப்படித்தான் என்று தெரிந்துகொண்ட பார்வை அது. என்னை யாரும் அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை. உன் அப்பா எவ்வளவோ கோபத்தில் பார்த்திருக்கிறார், அதிகாரிகள் பார்த்திருக்கிறார்கள். இதைத் தாங்க முடியவில்லை, தம்பி.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அவன் வீட்டுக்குப் போனேன். அப்பன் வேலைக்குப் போயிருந்தான். ஆத்தாள் வாசலில் மல்லாட்டை உரித்து முறத்தில் பருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். பையன் உள்ளே இருப்பது தெரிந்தது, வெளியே வரவில்லை. அவனுக்குக் கேட்கட்டும் என்று வகுப்பில் பேசுகிற குரலிலேயே பேசினேன். "யார்கிட்ட சொல்றதா இருந்தாலும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்னு சொன்னேன். அப்பிடி செய்யல. உனக்கு அடி விழுந்தது என்னாலதான். இப்ப போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். அதச் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்" என்றேன். ஆத்தாளின் கை நின்றுவிட்டது. "எங்க வூட்டுக்காரருக்கு வேல பூடும் டீச்சர்" என்றாள். போகாது என்று சொல்ல எனக்கு ஆசைதான். "போனாலும் போவும்மா" என்றேன். மறுபடி ஒரு மல்லாட்டையை எடுத்து உரித்தாள். பிறகு தலையைத் தூக்காமலே, "அஞ்சரை பஸ்ஸ வுட்டா அப்பறம் ஏழு மணிக்குதான். அவுரு வர்றதுக்குள்ள ஜல்தியா போங்க" என்றாள்.

லூர்து மேரி டீச்சரைப் போனில் கூப்பிட்டேன். திண்டிவனத்தில் எனக்காகக் காத்திருந்து கூடவே வந்தாள். ஸ்டேஷனில் எஸ்.ஐ. சின்னப் பெண், உன்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவள், "எதிரி உங்களுக்கு இன்னா வேணும்மா?" என்றாள். "கூடப் பொறந்த அண்ணன்" என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். அவனிடம் போய்ப் பேசியதையும், அதனால் பையன் அடி வாங்கியதையும், உடனே வராமல் தள்ளிப்போட்டதையும் சொன்னேன். இதைச் சொன்னால் எனக்கே சிக்கல் என்று தெரியும். அதை மறைத்து மற்றதைச் சொல்ல முடியாது. "அத ஏம்மா செஞ்சீங்க?" என்றாள். "அண்ணனாச்சேன்னு" என்றேன். அதையும் அப்படியே எழுதிக்கொண்டாள். யூனிபார்ம் இல்லாமல், சாதாரணச் சேலையில் அவளும் இன்னொரு பெண்ணும் பையனின் வீட்டுக்குப் போனார்கள். அவன் ஆத்தாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னிடம் சொன்னதையும் சொல்லாததையும் அவர்களிடம் சொல்லியிருக்கிறான். விஷயம் வெளியே வந்ததும் வேறொரு பையனின் வீட்டிலிருந்தும் தாங்களாகவே வந்திருக்கிறார்கள். இது எதுவும் உறவுக்காரர்கள் காதில் ஏறவில்லை.

உன் அத்தை, மாமனின் பெண்டாட்டி, நம் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளும் எங்கே போய் நிற்பாள்? "வெண்ண தெரண்டு வர்றப்ப தாழிய ஒடச்சிட்டா" என்று உன் சித்தப்பா தெருவில் நின்று சொல்கிறார். உன் அப்பா என் சமையலைத் தொடுவதில்லை. கொல்லையில் இருக்கிற மோட்டார் கொட்டகையிலேயே கேப்பைக் கூழ் கரைத்துக் குடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கிறார். ஒரு வீட்டில் இவ்வளவு வருஷம் வாழ்ந்தவளுக்கு இதெல்லாம் வலிக்காமல் இல்லை. அண்ணனை நினைத்தாலும் வலிக்கிறது. சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு மயிலத்துக்குப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் அவன்தான். சைக்கிளில் கொண்டுபோனவன் அவன் இல்லை என்று ஆகிவிடாது. இதைச் செய்தவனும் அவன்தான்.

செவ்வாய்க்கிழமை நான் முகையூருக்குப் போய் நித்யா வீட்டில் நானே சொல்லிவிட்டேன். பையனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. யார்மேல் புகார், யார் கொடுத்தது என்பதை மட்டும் சொன்னேன். ஊர் வாயிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட என் வாயிலிருந்து கேட்கட்டும் என்று நினைத்தேன். அவளுடைய அப்பா, "யோசிச்சு சொல்றோங்க" என்றார். அதில் தப்பில்லை. கல்யாணம் நின்றாலும் நிற்கலாம், நீ அதற்கும் தயாராக இரு. நடந்தால் பட்டம் கட்ட வேறு யாராவது கட்டட்டும், இல்லாவிட்டால் கட்டாமலே நடக்கட்டும். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது ஒருவரைப் பார்த்துப் பின்வாங்கினால், மாமாகிட்ட போ, தாத்தாவுக்கு முத்தம் குடு என்று முதுகில் கை வைத்துத் தள்ளாதே. அது ஒன்றைத்தான் அப்பாவாகப் போகிற உனக்குச் சொல்லத் தோன்றுகிறது. மற்றதெல்லாம் நீயே கற்றுக்கொள்வாய்.

நித்யா என்னை பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் வந்தாள். பஸ் வருகிற நேரத்தில், "அவருக்குத் தெரியுமா அத்தை?" என்றாள். தெரியும் என்றேன். "அவரு இன்னா சொன்னாரு?" என்றாள். பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இதைக் கேட்ட எல்லோரும் முதலில் சொன்னது ஒரே வார்த்தைதான், தம்பி. இருக்காது. உன் அப்பா அப்படித்தான் சொன்னார். எச்.எம். சொன்னார். ஸ்டேஷன் வரைக்கும் என்னோடு வந்த லூர்து மேரி டீச்சர்கூட முதலில், "ஐயோ, அவரா? இருக்காதுங்க" என்றுதான் சொன்னாள். நான்கூட அந்தப் பையன் சொன்ன நிமிஷத்தில் மனசுக்குள்ளே அதைத்தான் சொல்லிக்கொண்டேன். நீ ஒருத்தன்தான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லி முடித்ததும் உன் பக்கத்தில் வெகு நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு, "அந்தப் பையன் இப்ப எப்பிடிம்மா இருக்கான்?" என்று கேட்டாய். அதற்கப்புறம்தான் கிளறாதே என்றாய். எட்டாவது படிக்கும்போது திடீரென்று கபடியை விட்டுவிட்டு, என்னை ஹாஸ்டலில் சேர்த்துவிடு என்று சாப்பிடாமல் அடம்பிடித்தாயே, படிப்பில் பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன். அந்த வெள்ளிக்கிழமையையும் வயிற்று வலியையும் போலவே, இதையும் நான் இப்போதுதான் சேர்த்துப் பார்க்கிறேன்.

நான் உன்னை எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் உன் இஷ்டம். யாரிடம் சொல்வது என்பதும் உன் இஷ்டம். முதலில் சொன்னேனே, இந்தக் கடிதத்தை நித்யாவிடம் கொடுப்பதும் இனி உன் இஷ்டம்தான். அம்மாவிடம் என்று இருக்க வேண்டியதில்லை, நித்யாவாக இருக்கலாம், அந்த வக்கீல் அம்மாவாக இருக்கலாம், யாராகவும் இருக்கலாம். நீ இப்போது பெரியவன். அதனால் உன்னைக் கேட்காமல் நான் எங்கேயும் எதையும் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை நான் கோர்ட்டில் சொல்லப் போவது அந்தப் பையனுக்காக மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி ஒரகடத்தில் உன் ரூமுக்கு வருகிறேன். நீ சொன்னால் நம்புவேன். சொல்லாவிட்டால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறேன். வெளியே எங்கும் போய்விடாதே.

அம்மா